பள்ளத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம்

1

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நடத்தும் ஓர் அம்மையார், நான், எங்கள் பேச்சைப் பதிவு செய்ய மேசைமேல் ஒரு சின்னக் கருவி, என் மடியில் ஒரு ஷூ பெட்டி, பெட்டிக்குள் நொறுங்கிப்போன ஒரு ஷேர் ஆட்டோ. வெளியே நாற்காலி வரிசையில் என் மனைவி ஸ்டெல்லாவும் மகள் ஜெனிஃபரும். வேறு யாரும் இல்லை. சுவரோரமாக ஓர் இரும்பு அலமாரி நின்றது. அதையும் சொல்லியாக வேண்டும், பிற்பாடு அதனால்தான் எனக்கு நாலு நாள் தூக்கம் போனது.

ஷேர் ஆட்டோ என்றதும் ஊரில் இருப்பவர்கள் பயந்துவிட வேண்டாம். அது என் உள்ளங்கையில் அடங்கும். நானே செய்தது.

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. ஸ்டெல்லா நர்ஸ். அவள் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள் நானும் மகளும். ஐந்து வருடம் முடிந்ததும் நிரந்தரமாகத் தங்க மனுப் போடலாம். அதற்கு இரண்டு தேர்வு. இந்த நாட்டைப் பற்றிய கேள்வித்தாள் ஒன்று. எந்த ராஜா எத்தனை கல்யாணம் செய்தார் என்பதை எல்லாம் ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான் மனப்பாடம் செய்து தேறிவிட்டேன். மற்றது பேச்சுத் தேர்வு. அதில்தான் வந்தது வினை.

"நீங்கள் தேறாவிட்டால் அது உங்களோடு மட்டும் நிற்காது," என்றாள் வக்கீல் ஆபீஸ் பெண். "அம்மா அப்பா இருவருக்கும் கிடைத்தால்தான் பிள்ளைக்குக் கிடைக்கும்."

அதைக் கேட்ட நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு செட்டுக்கு மூன்று பீஸ் என்றால், ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனாலும் செட்டே நிற்கும். அந்த ஒரு பீஸ் நான்.

2

முதல் தடவை தோற்றேன். அந்தத் தேர்வில் நாமே ஒரு தலைப்பைத் தேர்ந்து, நாலு குறிப்பு எழுதிக்கொண்டு போய், அதைப் பற்றிப் பேச வேண்டும். இங்கே பாடம் சொல்லித் தருகிறவர் எல்லோருக்கும் ஒரே தலைப்பைத்தான் கொடுப்பார்: பொங்கல். சூரியன், பானை, மாடு, கரும்பு. வரிக்கு வரி மனப்பாடம் செய்தேன். தேர்வாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்றைக்கு மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?" என்றார்.

மழை என் பாடத்தில் இல்லை. 'சாரி' என்றேன். அவர் வேறு மாதிரி கேட்டார். மறுபடி 'சாரி' என்றேன். அதோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். "உங்களுக்கு இன்னாத்துக்குங்க பொங்கலு? பத்து வருசமா பொங்கலன்னிக்கு டபுள் ஓ.டி. சம்பளம் கெடைக்கும்னு கம்பெனி பஸ்ஸ புடிச்சிகினு ஓடுன ஆளு நீங்க. மாட்ட எங்க பாத்தீங்க?"

உண்மைதான்.

3

எனக்கு உண்மையாகத் தெரிந்த விஷயம் ஒன்றுதான், அடிபட்ட தகடு.

ஜெனிஃபர் பத்து வயதில் இங்கே வந்தாள். இதெல்லாம் நடக்கும்போது பதினைந்து. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். எப்போதாவது தமிழ் வந்தால் அது ஊரில், படப்பையில், பத்து வயதில் பேசிய அதே தமிழ், அதற்குமேல் வளரவே இல்லை. சனிக்கிழமை தோறும் இங்கே நாங்கள் இருக்கும் ஊரின் சர்ச் ஹாலில் ஒரு விளையாட்டுச் சங்கம் கூடும். பெரிய மேசையில் இடிந்துபோன ஒரு நகரத்தை அடுக்கி, கட்டைவிரல் உயரப் பொம்மை வீரர்களை அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். பதினாறு வயது ஆகாதவர்களோடு பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பெரியவர் நான். ஐந்து மணி நேரம், மூலையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. பெண் பிள்ளை, போர் விளையாட்டு, எதிரில் தாடிக்காரர்கள். என்னென்னவோ நினைத்துப் பயந்தேன். போகப்போக என் கண் பொம்மைகளிடமிருந்து மேசைக்குப் போனது. அந்த வீரர்கள் குண்டுக்குத் தப்பி ஒளிய, தெருவில் ஆங்காங்கே உடைந்த கார்களை வைத்திருந்தார்கள். பொம்மைக் காரை வாங்கிச் சுத்தியால் ஒரு போடு போட்டு, மேலே முழுக்கத் துருநிறம் பூசியிருந்தார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. கார் அப்படி நசுங்காது. பானெட் மடிவதற்கென்றே அடியில் ஒரு கோடு வைத்திருப்பார்கள், அங்கேதான் மடியும். கதவுக்குக் கீழே ஓடும் கட்டை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. துருவும் எல்லா இடத்திலும் ஒரே நாளில் ஏறாது. மடிந்த விளிம்பில் ஆரம்பிக்கும், வெல்டிங் புள்ளியில் ஆரம்பிக்கும், அப்புறம் தண்ணீர் வடிந்த வழியில் கோடாக இறங்கும்.

மறுவாரம் பழைய சாமான் கடையில் ஒரு பவுண்டுக்கு ஒரு பொம்மைக் கார் வாங்கினேன். அதன் பானெட்டை அறுத்து எடுத்துவிட்டு, குளிர்பானக் கேனை வெட்டி அந்தத் தகட்டில் புது பானெட் செய்தேன். அது நிஜத் தகடு போலவே மடியும். சமையல் சோடாவைப் பசையோடு குழைத்து, துரு ஏற வேண்டிய இடத்தில் மட்டும் வைத்தேன். மேலே ஸ்பாஞ்சால் பழுப்பு நிறம் ஒற்றினேன். காய்ந்த டீத்தூளைச் சக்கரத்தடியில் தூவினால் மட்கிய இலை.

சங்கத்தில் மேசைகளைக் கவனிக்கிறவர் நைஜல், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்ன, மஞ்சளாக?"

அப்போதுதான் நானே பார்த்தேன்.

4

அந்த மஞ்சள், ஊரில் ஒரகடத்தில் பதினோரு வருடம் நான் செய்த வேலை. கார் பானெட்டும் கதவும் அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப். லைனின் கடைசியில் நான் நிற்பேன். தகடு வரும். எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. மேலே வரிசையாக டியூப் லைட், அதன் வெளிச்சம் தகட்டில் கோடு கோடாக விழும். கோடு எங்கே வளைகிறதோ அங்கே பள்ளம். கண்ணுக்குத் தப்புவது கைக்குச் சிக்கும். பருத்திக் கையுறை போட்டு, கண்ணை மூடி, உள்ளங்கையை நீளவாக்கில் இழுக்க வேண்டும். வெறுங்கையைவிட கையுறை போட்ட கைக்குத்தான் பள்ளம் நன்றாகத் தெரியும். ஏன் என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான்.

பள்ளம் சிக்கினால் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் என் எண், 27. வட்டம் போட்ட தகடு ரீவொர்க் மேசைக்குப் போகும். அங்கே தாஸ் இருந்தான். சின்னச் சுத்தியும் இரும்புக் கட்டையுமாகத் தட்டித் தட்டிப் பள்ளத்தை எடுப்பவன். படப்பையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு.

"கண்ணுல வெளக்கெண்ண வுட்டுகினு வந்துட்டாம்பா," என்று லைனே கேட்கக் கத்துவான். "தேவா, டேய், இது பள்ளமாடா? கொசு ஒக்காந்துட்டு போன எடம்டா!"

"கொசுவா இருந்தாலும் தட்டு."

"ஒனக்கு கல்யாணம் ஆன அன்னிக்கு அண்ணி மூஞ்சிலயும் வட்டம் போட்டியாமே?"

இப்படியே பதினோரு வருடம். ஆகவே, உடைந்த காரைச் செய்து முடித்ததும் என் கை என்ன செய்தது என்றால், பள்ளங்களை எல்லாம் தேடிப்பிடித்து, மஞ்சள் நிறத்தில் மயிரிழை வட்டம் போட்டு, பக்கத்தில் 27 என்று எழுதிவிட்டது. மொத்தமும் நசுங்கிய காரில் பதினாறு வட்டம். நான் நினைத்துச் செய்யவில்லை.

5

"சாரி, சாரி," என்றேன் நைஜலிடம். "அழித்துவிடுகிறேன்."

ஜெனிஃபர் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா மானத்தை வாங்கிவிட்டாரே என்று நினைக்கிறாள் போல என்று எனக்குக் காது சூடானது. வீட்டுக்குப் போகும்போது அவள் பத்தடி முன்னால் நடந்தாள். அடுத்த சனிக்கிழமை நான் பெயின்ட்டும் தூரிகையுமாகப் போனால், கார் மேசை நடுவில் இருக்கிறது. சுற்றி ஆறு பேர்.

"தொடாதீங்க," என்றாள் ஜெனிஃபர் ஆங்கிலத்தில். "கதையில் சேர்த்துவிட்டோம்."

அவர்கள் விளையாட்டுக்கு ஒரு கதை உண்டு. நகரம் அழிந்து பல வருடம் ஆகிவிட்டது. படைகள் தெருத்தெருவாக அலைகின்றன. இப்போது அதில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறாராம். யார் கண்ணிலும் பட்டதில்லை. அழிந்த ஊரில் தனியாக நடந்து, உடைந்த வண்டி ஒவ்வொன்றாகப் பார்த்து, பள்ளத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுப் போகிறவர். சரிசெய்ய இன்னும் யாரோ வருவார்கள் என்று நம்புகிறவர். படைகள் அவரை 'இருபத்தேழு' என்று சொல்லும். வட்டம் போட்ட வண்டிக்குப் பின்னால் ஒளிந்தவனுக்குப் பகடையில் ஒரு புள்ளி கூடுதல்.

"யார் யோசனை?" என்று கேட்டேன்.

அவள் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

6

அதற்குப் பிறகு ஒரகடத்தையே செய்ய ஆரம்பித்தேன். கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி. ஷேர் ஆட்டோவுக்கு இங்கே பொம்மை கிடையாது. மிட்டாய் டப்பாவும் ஸ்ட்ராவும் வைத்து நானே கட்ட வேண்டும். ஆனால் மூன்று சக்கர வண்டி எப்படி நசுங்கும்? நான் பார்த்ததெல்லாம் கார்த் தகடு. தாஸுக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டேன்.

"ரோட்டோரம் போலீஸ் புடிச்சி போட்ட வண்டிங்க இருக்குமே, அதுல ஒரு ஷேர் ஆட்டோ போட்டோ எடுத்து அனுப்புடா."

"இன்னாத்துக்குடா? இன்சூரன்ஸ் எதுனா கோல்மாலா?"

"பொம்மை செய்யணும்."

"அண்ணி ஒன்ன ஒழுங்கா பாத்துக்குதா? சாப்புடுறியா?"

ஆனாலும் போனான். ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டிலிருந்து வீடியோ கால். வெயிலில் முகம் மின்ன நின்றான். பின்னால் அப்பளமாக ஒரு ஷேர் ஆட்டோ. "சீக்கிரம் பாத்துக்கோ, அந்த ஏட்டு என்னையே மொறச்சி பாத்துகினு கீறாரு. நான் ஸ்பேர் திருட வந்தவன்னு நெனச்சிக்கினாரு."

டயர் போயிருந்தது, சீட் போயிருந்தது. கோவைக்கொடி முன்சக்கரப் பள்ளம் வழியாக உள்ளே ஏறி, டிரைவர் சீட் இருந்த இடத்தில் காய்த்திருந்தது. அடியில் ஒரு நாய் தூங்கியது. முழுவதையும் காட்டினான். நான் செய்து வைத்திருந்த முன்தகட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்தேன்.

பார்த்ததும் உச்சுக் கொட்டினான். "தப்புடா. வெறும் பள்ளம் போட்டுக்கிற. பதினோரு வருசம் வட்டம் போட்டியே, இது தெரியாதா? தகடு ஒரு பக்கம் உள்ள போனா பக்கத்துல மேடு ஏறும்டா. நான் பள்ளத்த அடிச்சன்னு நெனச்சியா? எப்பவும் மேட்டதான் அடிச்சேன். மேடு எறங்குச்சின்னா பள்ளம் தானா மேல வந்துரும்."

எனக்கு இது தெரியாது. பக்கத்து மேசையில் நின்றும் தெரியாது. வட்டம் போட்டு அனுப்பிவிட்டு அடுத்த தகட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

7

இரண்டாவது தேர்வுக்குத் தலைப்பு என்ன என்று ஸ்டெல்லா கேட்டபோது, 'பொங்கல்தான், தெரிந்த பாடம்' என்றேன். ஜெனிஃபர் படிவத்தைப் பிடுங்கி, ஆங்கிலத்தில் எழுதினாள்: மேசைப்போர் விளையாட்டுக்கு உடைந்த வண்டிகள் செய்வது. கீழே நாலு குறிப்பு: பொருட்கள், வெட்டுவது, துரு, வண்ணம். தலைப்பு சம்பந்தமாக ஒரு பொருள் கொண்டுபோகலாம் என்று விதியில் இருந்ததையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

மூன்று மாதம், தினம் மாலை அரை மணி நேரம், சமையலறை மேசையில் எனக்குப் பயிற்சி. அவளே தேர்வாளர். முதல் நாளே ஒரு சட்டம் போட்டாள். காரணம் இல்லாமல் நான் ஒரு தடவை 'சாரி' சொன்னால் பத்து பென்ஸ் அபராதம்.

"பஸ்ல ஏறும்போது சாரி. கடையில காசு குடுக்கும்போது சாரி. இன்னா தப்பு பண்ணேப்பா நீ?"

அந்த ஒன்றை மட்டும் தமிழில் கேட்டாள். படப்பைத் தமிழில்.

"சாரிம்மா," என்றேன்.

"பத்து பென்ஸ்."

விளையாட்டு விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கோடு போடுவாள். தேர்வுக்கு முந்தின மாலை எண்ணிப் பார்த்தோம். நூற்று எண்பத்து மூன்று கோடு.

8

மறுபடி அந்த அறைக்கு வருகிறேன்.

அம்மையார் படிவத்தைப் படித்தார். பெட்டியிலிருந்து ஆட்டோவை எடுத்து மேசையில் வைத்தேன். முதல் குறிப்பு, பொருட்கள். மிட்டாய் டப்பா, ஸ்ட்ரா, கேன், சமையல் சோடா. ஒப்பித்தேன். அவர் தலையாட்டினார். இரண்டாவது குறிப்புக்கு வாய் திறக்கும்போது குறுக்கே கேட்டார்:

"இந்த மஞ்சள் வட்டம் எதற்கு?"

படிவத்தில் அது இல்லை. மழைதான் திரும்ப வந்துவிட்டது. 'சாரி' தொண்டை வரை வந்தது.

ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். பதினோரு வருடம் பார்த்த வேலை. சொன்னேன். இலக்கணம் எல்லாம் எங்கே போனதோ. "என் வேலை பள்ளம் கண்டுபிடிப்பது. கண்ணால் இல்லை, கையால்." அவருக்குப் புரியவில்லை. கையால் எப்படி என்று கேட்டார். ஆட்டோ சின்னது, அதில் காட்ட முடியாது. சுற்றுமுற்றும் பார்த்தேன். சுவரோரம் இரும்பு அலமாரி.

பெட்டிக்குள் என் பழைய கையுறை இருந்தது. ஆட்டோவைச் சுற்றி எடுத்து வந்தது. அதை நீட்டினேன். "போடுங்கள், மேடம்." அவர் ஒரு கணம் பதிவுக் கருவியைப் பார்த்தார். பிறகு போட்டுக்கொண்டார், எழுந்து வந்தார்.

"கண்ணை மூடுங்கள். மெதுவாக. மேலிருந்து கீழே. அழுத்தாதீர்கள். இல்லை, விரல் இல்லை, உள்ளங்கை."

அலமாரிக் கதவில் அவர் கை இறங்கியது. பேச்சுத் தேர்வில் பேச்சே இல்லாமல் கருவி ஓடிக்கொண்டிருந்தது. பாதிக் கதவில் கை நின்றது.

"இங்கே," என்றார்.

"அது பள்ளம். பக்கத்தில் பாருங்கள், மேடு. என் நண்பன் தாஸ் மேட்டைத்தான் அடிப்பான்."

அவர் கண்ணைத் திறந்து, சாய்ந்து, வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கையை வைத்தார். சிரித்தார். மாதத்தில் இரண்டு நாள் இந்த அறையில்தான் உட்காருகிறாராம், இதைக் கவனித்ததே இல்லையாம். தாஸ் யார் என்று கேட்டார். சொன்னேன். பதினோரு வருடம் ஒருவன் என்னைத் திட்டியதை ஆங்கிலத்தில் சொல்ல முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. வெளக்கெண்ணெயைக்கூடச் சொல்லிப் பார்த்தேன்.

"அப்படியானால் இதற்கும் வட்டம் போட வேண்டாமா?" என்றார்.

என் சட்டைப் பையில் மஞ்சள் பென்சில் இருந்தது. கை தானாகப் போட்டது. 27 என்றும் எழுதியது. நேரம் முடிந்தது. வெளியே வரும்போது நாற்காலியில் இடித்துக்கொண்டு, நாற்காலியிடம் 'சாரி' என்றேன்.

வாசலைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. வெட்டுவது, துரு, வண்ணம், மூன்று குறிப்பையும் சொல்லவே இல்லை. போதாததற்கு, தேர்வு மையத்தின் அலமாரியில் கிறுக்கிவிட்டு வந்திருக்கிறேன். நாலு நாள் நான் பட்ட பாடு ஸ்டெல்லாவுக்குத்தான் தெரியும். அலமாரிக்குப் பணம் கட்டச் சொல்வார்களா? என்னால் மகளின் மனுவும் நின்றுவிடுமா?

"ஒரு வட்டம் போட்டதுக்கு நாடு கடத்துவாங்களா?" என்றாள் ஸ்டெல்லா. "பேசாம படுங்க."

ஐந்தாம் நாள் மின்னஞ்சல் வந்தது. ஜெனிஃபர்தான் திறந்தாள். நான் கழிவறையில் ஒளிந்திருந்தேன். கதவைத் தட்டி ஒரே வார்த்தை சொன்னாள்: "பாஸ்." தாஸுக்குச் சொன்னேன். "ரீவொர்க் இல்லாமயா?" என்றான்.

9

மனு போட்டாயிற்று. மூன்று பேருக்கும் சேர்த்து.

சென்ற மாதம் ஜெனிஃபருக்குப் பதினாறு முடிந்தது. இனிமேல் சனிக்கிழமைகளில் அவளோடு யாரும் உட்கார வேண்டியதில்லை. நான் செய்யும் வண்டிகளைப் பெட்டியில் வைத்து அவளே எடுத்துப்போகிறாள். சமையலறை மேசைப் பயிற்சியும் நின்றுபோனது. மாலையில் அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும். கேட்டால் படிப்பு என்பாள். படிப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், நான் கேனை வெட்டிக்கொண்டிருக்கும்போது, வந்து பக்கத்தில் நிற்பாள். விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

"இன்னாப்பா, துட்டு எங்க?"

"அடுத்த வாரம் தரேம்மா."

"இதையேதான் போன வாரமும் சொல்லிகினு இருந்த."

அப்படியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த வண்டி, எங்கே நசுங்கியது, வட்டம் எங்கே என்று பார்ப்பாள். அரை மணி நேரம், சில நாள் அதற்கு மேலும். காசு என் சட்டைப் பையிலேயே இருக்கிறது, சில்லறையாக, எண்ணி வைத்திருக்கிறேன். தேர்வு நாளில் நாற்காலியிடம் சொன்ன 'சாரி'யையும் அவள் சேர்த்துவிட்டாள். ஆக, இன்றைய தேதிக்கு நான் தர வேண்டிய பாக்கி: பதினெட்டு பவுண்டு, நாற்பது பென்ஸ்.